பாதுகையும் பொன்மாலையும்

மாந்தர் உடைமைகளுள் உடலோடு மிக நெருங்கியது உடையேயாம். வீடும் நிலமும் ஒருவனுக்குப் புறத்தே நிற்பன. கலமும் பாயும் பயன்படுங்கால் மட்டும் அவனைச் சார்வன. உடையோ அணிந்தவனின் வடிவை ஏற்று, அவன் வியர்வையை ஏற்று, நாளடைவில் அவனையே நினைவூட்டும் பொருளாகிவிடுகின்றது. கொடியிற் காயும் சட்டையைக் கண்டு, 'இது மூத்தவனுடையது' என வீட்டார் எளிதிற் கூறுவதும் இதனாலேயாம். ஆதலின், ஒருவர் விரும்பி அணியும் உடையை மற்றொருவரோடு பகிர்ந்துகொள்ளுதல் ஏனைய பகிர்வுகளினும் அரியது. அவ்வரிய செயல் பெரும்பாலும் நிகழுமிடம் உடன்பிறந்தார் கூடி வாழும் இல்லமாகும்.

கண்டி நகரைச் சூழ்ந்த மலைச்சாரல்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். ஹந்தானை, கலஹா, ஹேவாஹெட்டை, புசல்லாவை முதலிய பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தீபாவளியே ஆண்டின் பெருநாள். தோட்டத்திற் பெறும் தீபாவளி முற்பணம் பின்னர்ச் சம்பளத்திற் சிறிது சிறிதாகக் கழிக்கப்படும். அம்முற்பணத்தைக் கொண்டே கண்டிக் கொழும்பு வீதித் துணிக்கடைகளில் வீட்டார் அனைவருக்கும் புத்தாடை எடுத்தாக வேண்டும். பிள்ளைகள் நால்வர் ஐவராயின் அப்பணம் போதாது. அந்நிலையில், விலை சற்றுக் கூடிய பட்டுப்பாவாடை ஒன்றனை எடுத்து, காலையிற் கோயிலுக்கு அக்காள் உடுத்துச் செல்ல, மாலையில் உறவினர் லயங்களுக்குத் தங்கை உடுத்துச் செல்லும் ஏற்பாட்டினைத் தாய் ஒருத்தி செய்வதுண்டு. தங்கையின் உயரத்திற்கு ஏற்ப அதன் கரை மடித்துத் தைக்கப்படும். மறுமுறை அத்தையல் பிரிக்கப்படும்.

'இஃது என்னுடையதா, அக்காளுடையதா?' என்று தங்கை வினவுகின்றாள். 'இருவருடையதும்' என்பது தாயின் விடை. அவ்விடை குழந்தைக்கு அமைதி தருவதில்லை. இரவற் புடைவை இரவலே என்பது ஊரார் பேச்சு. அப்பேச்சின் கூர்மையைக் குழந்தை அறிந்தே வினவுகின்றாள். கோயில் மண்டபங்களில் நிகழும் இராமாயணப் பிரசங்கங்களைக் கேட்ட முதியோர், இத்தகைய இடங்களிற் பரதன் பெயரை எடுத்துரைப்பர். தமையன் உடைமையைத் தனக்கென்று கொள்ளாது, அவன் பாதுகையைத் தலையிற் சுமந்த தம்பியே உடன்பிறப்புக்கு இலக்கணம் என்பர். ஆயினும், பாவாடையை உடுத்த விழையும் சிறுமிக்குப் பாதுகையை அணியாது விட்ட பரதன் எவ்வாறு விடையாவான்? துறந்தானின் கதை, உடுக்க வேண்டியவளுக்கு அமைதி தருமா? இவ்வினாவைக் கொண்டு நம் காப்பியங்களில் உடன்பிறந்தாரிடையே கைமாறும் அணிபொருள்களை ஆராய்தல் பயனுடைத்து.

ஈகை வேறு, பகிர்வு வேறு

முதற்கண் தெளியவேண்டுவது ஈகைக்கும் பகிர்வுக்கும் உள்ள வேறுபாடு. சங்கப் புலவர் போற்றிய வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், மயிலுக்குப் போர்வை அளித்தான் என்பது தமிழர் நெடிது வியந்துவரும் செய்தி. அம்மயில் போர்வையை வேண்டவில்லை, உடுத்தப்போவதுமில்லை, திருப்பித் தரப்போவதுமில்லை. கொடுத்தவன் பெருமை ஒன்றே அங்கு விளங்குகின்றது. அதனாலேயே அது தூய கொடைக்குச் சான்றாயிற்று. பெறுவோன் தகுதியும் தேவையும் அங்கு எண்ணப்படவில்லை.

உடன்பிறந்தாரிடை நிகழும் பகிர்வு இதற்கு மறுதலை. பெறுபவள் அவ்வுடையைத் தானும் விரும்புகின்றாள், உடுக்கின்றாள், கறைப்படுத்தவுங் கூடும், பின்னர் அதனைத் திருப்பித் தருகின்றாள். கொடுத்தவளும் மறுநாள் அதனையே உடுக்க வேண்டியவள். ஆகவே இங்குக் கொடுப்பார், பெறுவார் என்ற பிரிவே நிலைப்பதில்லை. ஒருத்தி தான் கொடுத்ததாக எண்ணத் தொடங்கும் அக்கணமே பகிர்வு கெட்டு ஈகையாகின்றது. மற்றவள் இரப்பவள் ஆகின்றாள். ஓர் இல்லத்தில் அக்காள் வள்ளலாகவும் தங்கை இரவலாகவும் அமைவார்களாயின், அப்பாவாடை இருவர் உள்ளத்தையும் பிரிக்குமேயன்றிப் பிணிக்காது.

நட்பின் இயல்பை விளக்கப் புகுந்த வள்ளுவரும் உடையையே உவமையாகக் கொண்டார் என்பது நினைக்கத்தக்கது. நெகிழ்ந்த ஆடையைப் பற்ற விரையும் கையைப் போன்றது நட்பு என்பது அவர் கருத்து. கை ஆடைக்கு ஈவதுமில்லை, ஆடையிடம் இரப்பதுமில்லை. இரண்டும் ஓருடலின் மானத்தைக் காக்கின்றன. உடன்பிறந்தார் பகிர்வை அளத்தற்கும் இவ்வளவுகோலே ஏற்றது. கொடுக்கப்பட்ட பொருளின் விலை யாது என்பதன்று வினா. அப்பொருள் எவர் மானத்தைக் காத்தது, உற்ற வேளையிற் காத்ததா என்பதே வினா.

பாதுகை

இனி, பரதன் செயலை நோக்கலாம். வான்மீகி முனிவர் காட்டும் நிகழ்ச்சியிற் பொன்னணிந்த பாதுகைகளை இராமன் முன் வைத்து, அவற்றின்மீது அடிவைத்து ஏறுமாறு வேண்டுபவன் பரதனே. இராமன் அவற்றில் ஏறி இறங்கித் தம்பியிடம் அளிக்கின்றான். கம்பரோ, பரதன் வேண்ட இராமன் தன் அடிநிலைகளை நல்குவதாகவும், தம்பி அவற்றை முடியாகத் தலைமேற் கொள்வதாகவும் அமைத்து, அப்படலத்திற்கே திருவடி சூட்டுப் படலம் என்று பெயர் வழங்குமாறு செய்தார். காலுக்கு உரியது தலைக்கு முடியாகும் இம்மாற்றமே பிரசங்கியாரின் உள்ளத்தைக் கவர்ந்துள்ளது. அணியாமையே அன்பின் எல்லை என்ற முடிவுக்கு அவர்கள் எளிதில் வந்துவிடுகின்றனர்.

ஆயின், இந்நிகழ்ச்சியில் வேறு மூன்று கூறுகள் உள. அவை பெரிதும் எடுத்துரைக்கப்படுவதில்லை. முதலாவது, காலவரையறை. பாதுகை பரதனிடம் இருக்கவேண்டிய காலம் 14 ஆண்டுகள். அதற்கு மேல் ஒருநாளும் இல்லை. அவ்வெல்லை கடந்தும் தமையன் வாரானாயின் தீப்புகுவதாகப் பரதன் உறுதி கூறுகின்றான். இரண்டாவது, ஒத்த கோலம். தமையன் மரவுரியும் சடையுமாகக் காட்டில் இருக்க, தம்பியும் மரவுரியும் சடையுமாக நந்தியம்பதியில் இருக்கின்றான். ஒரு பொருளையே இருவரும் அணியும் வகை பகிர்வு இங்கு இயலாது. ஆகவே ஒன்றுபோல உடுத்தல் என்னும் வகையாற் பரதன் அண்ணனின் குறையைத் தானும் உடுத்துக்கொள்கின்றான். மூன்றாவது, மீட்சி. இராமன் திரும்பி வந்த நாளில், பரதன் தன் கையாலேயே அப்பாதுகைகளை அண்ணன் அடிகளில் அணிவிக்கின்றான் என்று வான்மீகி கூறுவர். அடைக்கலமாகப் பெற்ற நாட்டையும் அன்றே ஒப்புவித்து, கருவூலமும் களஞ்சியமும் படையும் பதின்மடங்கு பெருகியிருத்தலைக் காணுமாறு வேண்டுகின்றான்.

இம்மூன்றையும் ஒருங்கு நோக்கின், பரதன் பெருமை அணியாமையில் மட்டும் அடங்குவதன்று என்பது புலனாகும். பிறர் பொருளைத் தன்னிடம் வைத்திருந்த காலம் முழுதும் அது பிறருடையது என்பதை மறவாமை, குறித்த நாளிலே திருப்பித் தருதல், பெற்ற நிலையினும் நன்னிலையிலே தருதல் ஆகிய ஒழுக்கத்தில் அவன் பெருமை நிலைபெறுகின்றது. அரியணைமேல் வைத்துப் பூசித்த பாதுகை எவருக்கும் எளிதில் வாய்ப்பதன்று. துவைத்து மடித்துத் திருப்பித் தந்த பாவாடையோ எவ்வீட்டிற்கும் இயல்வதே. இரண்டன் உள்ளீடும் ஒன்றே. துறவைப் போற்றும் ஆர்வத்தில் இவ்வொழுக்கத்தை மறைத்துவிடும் பிரசங்கம், பரதனைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் நிறுத்திவிடுகின்றது என்பதே இங்குக் கூறத்தக்க குறை.

பொன்மாலை

அயோத்தி உடன்பிறந்தாரை விடுத்துக் கிட்கிந்தை உடன்பிறந்தாரிடம் செல்லும்போது காட்சி மாறுகின்றது. கண்டிக்கு அண்மையிலுள்ள பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பின் மரபுக் கூத்துகளைச் சுருக்கிச் செம்மைப்படுத்திக் கற்றோர் அரங்குக்குக் கொணர்ந்தார். கர்ணன் போர், இராவணேசன், வாலி வதை என்பன அவ்வகையில் மேடையேறியவை. இம்மூன்றும் உடன்பிறந்தார் பகையையோ பிரிவையோ உட்கொண்ட கதைகளாக அமைந்தமை கருதத்தக்கது. கூத்தரங்கில் வரவுப்பாட்டோடு தோன்றும் பாத்திரத்தின் தகுதியைப் பார்வையாளருக்கு முதலில் அறிவிப்பது உடுப்பேயாம். முடியும் மார்பணியும் யாருக்கு உரியன என்ற வினா, பேச்சுக்கு முன்னரே கண்ணுக்குப் புலனாகின்றது. ஆகவே வாலி, சுக்கிரீவன் கதையை அணிபொருள் கொண்டு ஆராய்தல் அவ்வரங்கின் இயல்போடும் பொருந்துவதாகும்.

வாலி தம்பியை நாட்டை விட்டுத் துரத்திய நிகழ்ச்சியை இராமனிடம் சுக்கிரீவனே கூறுகின்றான். குகைவாயிலை அடைத்து, அண்ணன் இறந்தான் எனக் கருதி அரசேற்றமையே அவன்மேற் சுமத்தப்பட்ட குற்றம். அதற்காக வாலி அவனை ஒற்றை ஆடையோடு வெளியேற்றினான் என்று வான்மீகி கூறுவர். நாடும் மனையாளும் இழந்த செய்தியோடு ஆடை ஒன்றே எஞ்சிய செய்தியையும் கவிஞர் சேர்த்துரைத்தது வீணன்று. உடன்பிறந்தான் ஒருவனை உடன்பிறவாதவனாக்கும் செயல் அவன் உடையிலிருந்தே தொடங்குகின்றது என்பதை அது காட்டும்.

அடுத்த நிகழ்ச்சி முதற்போர். உடன்பிறந்தார் இருவரும் பொருதபோது இராமன் அம்பு எய்யவில்லை. அணியாலும் கோலத்தாலும் உயரத்தாலும் நடையாலும் இருவரும் ஒருவரையொருவர் ஒத்திருந்தமையால் இன்னார் வாலி எனத் தெளிய இயலவில்லை என்பது அவன் கூறிய காரணம். பின்னர்ச் சுக்கிரீவன் கழுத்திற் பூங்கொடி ஒன்று அடையாளமாக அணிவிக்கப்படுகின்றது. இரண்டாம் போரில் அம்பு பாய்கின்றது. இக்கதையமைப்பின் ஆழம் இவ்விடத்திலேயே உளது. ஒன்றுபோல் உடுத்திருந்த வரையில் அம்பு வில்லைவிட்டு நீங்கவில்லை. ஒருவனை மற்றவனிலிருந்து பிரித்துக்காட்டும் மாலை ஒன்று விழுந்த பின்னரே வாலி மாண்டான். ஒத்த கோலம் அவர்களை அறியாமலே இருவரையும் காத்தது. உடன்பிறந்தாரிடையே புறத்தார் நுழைவதற்கு அவர்களைப் பிரித்தறியும் அடையாளம் ஒன்று வேண்டியிருந்தது.

மூன்றாவது நிகழ்ச்சி வாலியின் இறுதி. அவன் மார்பில் இந்திரன் அளித்த பொன்மாலை விளங்கிற்று. உயிர் பிரியுமுன் தம்பியை அழைத்து அம்மாலையைத் தருகின்றான். அதில் உறையும் திருமகள், தான் இறந்தபின் நீங்கிவிடுவாள் என்றும், ஆகவே உடனே அணிந்துகொள்க என்றும் கூறுகின்றான். அதற்கு முன்னர், உடன்பிறந்தாருக்குரிய நட்பையும் இன்பத்தையும் இருவரும் ஒருசேரத் துய்க்கும் பேறு தங்களுக்கு விதிக்கப்படவில்லை போலும் என்று இரங்குகின்றான். பகைவன் வீழ்ந்தான் என்று மகிழ்ந்திருந்த சுக்கிரீவன் அச்சொற்களைக் கேட்டு மகிழ்ச்சி நீங்கி, கோளாற் பற்றப்பட்ட திங்கள்போல ஒளி மழுங்கி, அம்மாலையை ஏற்றுக்கொள்கின்றான்.

ஒற்றை ஆடையோடு துரத்திய கையே ஈற்றிற் பொன்மாலையை நீட்டுகின்றது. தொடக்கத்தையும் முடிவையும் இவ்வாறு அணிபொருளாற் பிணைத்தமை வான்மீகியின் அமைதியான திறன். ஆயினும் அம்மாலை பகிர்வாகவில்லை, மரபுரிமையாகவே முடிந்தது. வாழுங்கால் ஒருநாள் கொடுத்திருப்பின் இருவரும் மாறி அணிந்திருக்கலாம். சாவின் வாயிலிற் கொடுத்தமையால், பெற்றவனுக்கு அது பொன்னாகவும் சுமையாகவும் ஆயிற்று. திருப்பித் தருவதற்கு அண்ணன் இல்லை. திருப்பித் தர இயலாத பொருளைப் பெறுவது உடன்பிறந்தாருக்கு எத்துணைப் பெருந்துன்பம் என்பதை ஒளி மழுங்கிய அவன் முகம் கூறுகின்றது.

கம்பர் இவ்விறுதிக் காட்சியில் வேறொன்றை ஒளிபெறச் செய்கின்றார். அவர் காட்டும் வாலி, தம்பிக்காக இராமனிடம் இரண்டு வரம் வேண்டுகின்றான். மதுவுண்டு மயங்கித் தம்பி பிழை செய்யினும் தன்மீது எய்த அம்பை அவன்மீது எய்யலாகாது என்பது ஒன்று. தமையனைக் கொல்வித்தவன் என்று இராமனுடைய தம்பியர் சுக்கிரீவனை இகழ்வராயின் அதனைத் தடுக்கவேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டாம் வரம் தமிழ்க் காப்பியம் அளித்த பெரும்பேறு. ஆடையின் முதற்பயன் மானங்காத்தல். ஒற்றை ஆடையோடு துரத்தப்பட்டவனுக்கு, அத்துரத்தியவனே பழியினின்று காக்கும் போர்வை ஒன்றை இறக்கும்போது போர்த்துகின்றான். பொன்மாலை மார்பை அழகு செய்யும். இச்சொற்போர்வையோ உள்ளத்தின் நாணத்தை மறைக்கும். பொருளை அளித்தலினும், பொருளைப் பெறுபவர் பிறர் வாயில் இகழப்படாது காத்தலே மூத்தோர் கடன் என்பது கம்பரால் நிலைநாட்டப்படுகின்றது. 'அக்காள் போட்டுக் கழித்தது' என்று பக்கத்து லயத்துப் பிள்ளை சிரிக்கும்போது, அக்காள் அருகில் நின்று யாது கூறுகின்றாள் என்பதே பாவாடையினும் பெரிய பகிர்வாகும்.

கவசம்

பேராதனை அரங்கு கண்ட மற்றொரு கதையாகிய கர்ணன் போர், இவ்வாராய்ச்சிக்கு மூன்றாவது பொருளை நல்குகின்றது. கர்ணன் கவசகுண்டலங்களோடு பிறந்தான். உடலோடு ஒட்டிப் பிறந்த அவ்வுடை அவனுக்கு உயிரும் ஆவது. அருச்சுனனைக் காத்தற்பொருட்டு இந்திரன் அதனை இரக்க வருவான் என்று கதிரவன் முன்னரே எச்சரித்தும், கர்ணன் அதனை அரிந்து கொடுத்துவிடுகின்றான். அதற்கு ஈடாக வேல் ஒன்றைப் பெறுகின்றான்.

இதனைக் கொடைக்கு எல்லையாகக் கூறுவது வழக்கு, அது பொருத்தமே. ஆயினும் உடன்பிறப்பு நோக்கில் இக்கொடை ஓர் அவலம். அருச்சுனன் தன் தம்பி என்பதைக் கர்ணன் அப்பொழுது அறியான். கண்ணன் வாயிலாகவும் குந்தி வாயிலாகவும் அவ்வுண்மை வெளிப்படுவது அதன் பின்னரே. தம்பியின் உயிரைக் காக்கத் தன் உடையைக் களைந்த தமையன், தான் தமையன் என்பதை அறியாமலே களைந்தான். பெற்ற பயனைத் தம்பியும் அறியான். அன்பு அங்கு இல்லை. அன்பால் விளையவேண்டிய பயன் மட்டும் உளது. அறியாமையில் நிகழும் பகிர்வு எத்துணைப் பெரிதாயினும் உள்ளங்களைப் பிணிப்பதில்லை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

ஆகவே காப்பியங்கள் மூன்று பொருள்களால் மூன்று உண்மைகளைக் கூறுகின்றன. கவசம், அறிந்து பகிர்தல் வேண்டும் என்கின்றது. பொன்மாலை, காலத்தே பகிர்தல் வேண்டும் என்கின்றது. பாதுகை, பேணித் திருப்பித் தருதல் வேண்டும் என்கின்றது. ஆயினும் இருவர் ஒரு பொருளை நாள்தோறும் மாறி மாறி அணியும் எளிய நிலையை இவற்றுள் ஒன்றும் முழுமையாகக் காட்டவில்லை. அரசர் கதைகளில் அவ்வறுமைக்கு இடமில்லை என்பது அதற்குக் காரணமாகலாம்.

ஒரு சோடிச் சப்பாத்து

காப்பியம் விட்ட இவ்விடத்தை நிரப்பியது இக்காலக் கலையாகிய திரைப்படம். ஈரானிய நெறியாளர் மஜீத் மஜீதி 1997இல் ஆக்கிய சொர்க்கத்தின் குழந்தைகள் என்னும் படம், உலகின் பல நாடுகளிலும் அறியப்பட்டது. சாமியின் நெறியாள்கையில் அக்கா குருவி என்ற பெயரில் அது 2022இல் தமிழிலும் மறுவாக்கம் பெற்றது. கதை மிகச் சிறியது. தைத்து வாங்கிய தங்கையின் சப்பாத்தை அண்ணன் அலி கடைவாயிலில் இழந்துவிடுகின்றான். வாடகை கொடுக்கவும் வழியற்ற தந்தையிடம் அதனைக் கூற அஞ்சிய பிள்ளைகள், அலியின் ஒரு சோடிச் சப்பாத்தை இருவரும் பகிர்வதென முடிவு செய்கின்றனர். தங்கை ஸாராவுக்குக் காலையிற் பள்ளி. அண்ணனுக்கு அதன் பின்னர்ப் பள்ளி. அவள் பள்ளி விட்டதும் ஓடிவருகின்றாள், சந்தில் அவன் காத்திருக்கின்றான், சப்பாத்து கைமாறுகின்றது, அவன் ஓடுகின்றான்.

இப்படத்தின் சிறப்பு அன்பைப் பற்றி எவரும் பேசாமையில் உளது. பேசப்படுவன நேரமும் அழுக்கும் அளவுமே. சப்பாத்து அவளுக்குப் பெரிதாதலின் ஒருநாள் வழியில் நீரோடும் கால்வாயில் நழுவி விழுகின்றது. அவள் பிந்தினால் அவன் பள்ளிக்குப் பிந்துகின்றான். தண்டனை அவனைச் சேர்கின்றது. அழுக்கேறிய சப்பாத்தை அணிய நாணுவதாகத் தங்கை கூற, இருவரும் சேர்ந்து அதனைச் சவர்க்காரமிட்டுக் கழுவுகின்றனர். இழந்த தன் சப்பாத்தை வேறொரு சிறுமி அணிந்திருத்தலைக் கண்டு அவள் வீடுவரை சென்ற உடன்பிறந்தார், அச்சிறுமியின் தந்தை கண்பார்வையற்றவர் என்பதைக் கண்டு ஒன்றும் கேளாது மீள்கின்றனர். பகிரக் கற்ற உள்ளம் இல்லத்தின் எல்லையைக் கடந்து செல்லும் என்பதை இக்காட்சி சொல்லாமற் சொல்கின்றது. ஓட்டப்பந்தயத்தில் மூன்றாம் பரிசு சப்பாத்து என்பதை அறிந்து தங்கைக்காக ஓடிய அலி, தன்னை மீறி முதலாவதாக வந்து அழுகின்றான். வெற்றி தோல்வியாகும் அவ்விடம், எக்காப்பிய அவலத்திற்கும் குறைந்ததன்று.

பரதனும் அலியும் காலத்தாலும் நாட்டாலும் சமயத்தாலும் வேறுபட்டவர். ஆயினும் இருவரும் காத்தது ஒன்றே, அது முறை. பரதன் 14 ஆண்டு எல்லையைக் காத்தான். அலியும் ஸாராவும் பள்ளி மணியின் எல்லையைக் காத்தனர். முன்னவன் பொருளைப் பதின்மடங்கு பெருக்கித் தந்தான்; பின்னவர் சவர்க்காரமிட்டுக் கழுவி வைத்தனர். பாதுகையை அணியாமையும் சப்பாத்தை அணிதலும் தம்முள் முரணாகத் தோன்றினும், முறைகாத்தல் என்னும் நூலால் இரண்டும் ஒன்றாகக் கோக்கப்படுகின்றன. காப்பியம் அவ்வொழுக்கத்தை வானளாவ உயர்த்திக் காட்டியது. திரைப்படம் அதனைத் தெருச்சந்திற்கு இறக்கிக் காட்டியது. பின்னதைக் கண்டபின் முன்னதைப் படிப்பார்க்குப் பரதன் அந்நியன் ஆகான்.

முறை செய்வார் யார்?

எஞ்சி நிற்கும் வினா, முறையை வகுப்பவர் யார் என்பது. மூத்தவள் என்பதற்காக முதலுரிமை அவளுக்கா? இளையவள் என்பதற்காக அவளுக்கா? கண்டிப் பகுதியின் விகாரைகளில் மாரிகால உறைவு முடிந்தபின் நிகழும் கட்டின விழா இதற்கு ஒரு வழியைக் காட்டுகின்றது. அங்கு அளிக்கப்படும் சீவர ஆடை தனித் துறவி ஒருவருக்கு அளிக்கப்படுவதன்று, சங்கத்திற்கு அளிக்கப்படுவது. சீவரம் நைந்து ஆடை மிக வேண்டப்படும் நிலையில் உள்ள துறவிக்குச் சங்கம் அதனை வழங்குதல் மரபு. ஆடை எல்லாருடையதும், உடுக்கும் முறை தேவையால் வருவது. உடன்பிறவாது உடன்பிறந்தாராய் வாழ்வோர் கண்ட இம்முறை, உடன்பிறந்தாருக்கும் ஏற்புடைத்து. தாயின் 'இருவருடையதும்' என்ற விடை பொய்யன்று. அது முழுமை பெறாத விடை. 'இன்று எவளுக்கு வேண்டும்?' என்ற வினாவும் அதனோடு சேரும்போதே அது முழுமை பெறுகின்றது.

இலங்கையிற் பாடசாலை மாணவருக்கு இலவசச் சீருடைத் துணி வழங்கும் திட்டம் 1993இல் தொடங்கியபின், அண்ணனின் வெண்சட்டைக்காகத் தம்பி காத்திருக்க வேண்டிய நிலை பெரிதும் குறைந்தது. அது நன்மையே, வறுமையாற் கட்டாயமாகும் பகிர்வை எவரும் போற்றவேண்டுவதில்லை. ஆயினும் சீருடையை எவரும் உயிராக விரும்புவதில்லை. பெருநாட் பாவாடையும், வெளியூர் மாமன் வாங்கித் தந்த மேற்சட்டையும், குளிர்காலத்துக் கம்பளியும் இன்றும் ஒன்றாகவே உள. தேவையானதைப் பகிர்தல் வறுமையின் கட்டளை. விரும்பியதைப் பகிர்தல் உள்ளத்தின் உடன்பாடு. பின்னதே உடன்பிறப்பின் உரைகல்.

ஆகவே சிறுமியின் வினாவிற்குப் பரதனைக் காட்டுதல் தவறன்று. பரதனைப் பாதியளவிற் காட்டுதலே தவறு. அவன் அணியாது விட்டதை மட்டும் உரைப்பின், அவள் தன் ஆசையைக் குற்றமெனக் கருதி நாணுவாள். அவன் நாளெண்ணியிருந்து, பேணிவைத்து, தன் கையால் அண்ணன் அடியில் அணிவித்ததையும் உரைப்பின், மடித்துத் தைத்த பாவாடையை உடுத்து மகிழ்ந்து, கறைபடாது மடித்து மறுநாள் அக்காளின் கையிற் கொடுக்கும் தன் செயலும் அவ்வழிப்பட்டதே என உணர்வாள். அக்காளுக்கு உரைக்கவேண்டிய கதையோ பரதன் கதையன்று; வாலியின் கதை. பொன்மாலை கழுத்தில் உள்ளபோதே, கொடுக்கும் கைக்கும் பெறும் கழுத்திற்கும் உயிர் உள்ளபோதே, அது கைமாற வேண்டும். கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிற் காலைப் பூசை முடித்து வீடு திரும்பும் அக்காள், தங்கை வாயிலிற் காத்திருப்பதை எண்ணிச் சற்று விரைந்து நடப்பாளாயின், கிட்கிந்தையில் நிகழாது போன பகிர்வு கண்டி மலையில் நிகழ்ந்ததாகும்.